லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கொஞ்சம் பொறுங்கள்!

மேலூர் பக்கத்து கிராமம் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மாலைக்குள் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து பவர் பட்டனை அழுத்துகிறாள். லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை. மறுபடி அழுத்துகிறாள், பத்து தடவை அழுத்துகிறாள். ஊஹூம்! "எந்நேரமும் அதையே நோண்டிக்கிட்டு இருந்தா அது என்னத்துக்கு ஆகும்?" என்று அம்மா சத்தம் போடுகிறார். அன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை.

காலையில் முதல் பஸ்ஸில் மாட்டுத்தாவணி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம். டவுன்ஹால் ரோடு பக்கம் கடை திறக்கும்வரை காத்திருக்கிறாள்.

"அண்ணே, லேப்டாப் ஆன் ஆக மாட்டேங்குது."

"சார்ஜர் கொண்டாந்தியாம்மா?"

"இல்லண்ணே..."

கடைக்காரர் தன்னிடம் இருந்த சார்ஜர் ஒன்றைச் செருகுகிறார். லைட் எரிகிறது, திரை வருகிறது! போனது லேப்டாப் அல்ல, சார்ஜர். இதை முந்தின இரவே வீட்டில் கண்டுபிடித்திருக்கலாம்.

சிரிப்பாக இருக்கிறதா? தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்தான் பல லட்சம் வீடுகளில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர். இன்று அவற்றில் எத்தனையோ பீரோவுக்கு மேலேயும் பரணிலும் தூங்குகின்றன. கேட்டால், "அது போயிருச்சு" என்பார்கள். எது போனது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. உண்மையிலேயே செத்துப்போனவை அவற்றில் உண்டு. சில நூறு ரூபாய் செலவில் எழுந்து உட்காரக் கூடியவையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் நஷ்டம்.

"ஆன் ஆகவில்லை" என்பது ஒரே நோய் அல்ல. காய்ச்சல் மாதிரி அது வெறும் அறிகுறி. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கரண்டே போகவில்லையா, அல்லது கரண்ட் போயும் திரை வரவில்லையா? பட்டனை அழுத்தியதும் லைட் எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, காதை வைத்தால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

எதுவுமே இல்லை என்றால், வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் சுவிட்ச் போர்டு. அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேராகச் சுவரில். அடுத்தது சார்ஜர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை அது சுமார் 19 அல்லது 20 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. வயர் மடங்கும் இடத்தில் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சார்ஜரை வாங்கிச் சோதிக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை. முனை பொருந்தினால் மட்டும் போதாது. சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும்.

சார்ஜர் நன்றாக இருந்தும் வரவில்லையா? சார்ஜரைப் பிடுங்குங்கள். பழைய லேப்டாப்பாக இருந்தால் அடியில் உள்ள பேட்டரியையும் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். மந்திரம் மாதிரி தெரியும், ஆனால் மந்திரம் இல்லை. பவரைக் கட்டுப்படுத்தும் சின்னச் சிப் ஒன்று குழம்பி நின்றிருந்தால், இப்படிச் செய்யும்போது அது முதலிலிருந்து தொடங்கும். பேட்டரியைக் கழற்ற முடியாத புது லேப்டாப்களில் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் போதும்.

வருடக்கணக்காகப் பரணில் கிடந்த லேப்டாப் என்றால் பேட்டரியின் மேல் சந்தேகம் வையுங்கள். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்ல வடியும். ஓர் அளவுக்குக் கீழே போனால் அதன் பாதுகாப்புச் சர்க்யூட் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். பேட்டரி செத்தாலும் லேப்டாப் சாக வேண்டியதில்லை. பழைய மாடல்கள் பல சார்ஜரில் மட்டுமே ஓடும்.

இனி இரண்டாவது வகை. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. இருட்டு அறையில் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், பின்னால் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை என்று அர்த்தம். வேறு மானிட்டரிலோ டிவியிலோ இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் கோளாறு திரைப் பக்கம்தான், மதர்போர்டு பிழைத்தது. அதிலும் வரவில்லை என்றாலோ, பீப் பீப் என்று சத்தம் வந்தாலோ, ரேம் மீது கவனம் போக வேண்டும். கரண்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்தினால் உயிர் வந்த லேப்டாப்கள் ஏராளம்.

நம் ஊருக்கென்றே சில காரணங்கள் உண்டு. மதுரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். செம்மண் தூசியும் சேர்ந்து ஃபேனை அடைத்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. சூட்டில் தானாக அணைந்த லேப்டாப் ஆறும்வரை ஆன் ஆகாமலும் போகலாம். மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் இன்னும் மோசம். மின்தடையும் அப்படித்தான். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தை மறக்க முடியுமா? கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்ட்டேஜ் எகிறிச் சார்ஜரைச் சாப்பிட்டுவிடும். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தவும் அழுத்தவும் கூடாது, தீப்பிடிக்கும். தண்ணீரோ காபியோ கொட்டியிருந்தால் "ஆன் ஆகுதா பாப்போம்" என்ற ஆசையே வேண்டாம். கருகின வாசனை வந்தாலும் அப்படியே மூடிவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. லேப்டாப் போனாலும் அதில் இருப்பது போய்விடவில்லை. ஹார்ட் டிஸ்க் தனிப் பொருள். அதைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் புராஜெக்ட், போட்டோ எல்லாவற்றையும் பெரும்பாலும் எடுத்துவிடலாம். புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி தேவைப்படும். அதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பதும் போய்விடும்.

கடைக்குப் போவதில் தப்பே இல்லை. சார்ஜரோடு போங்கள். என்னென்ன சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "போர்டு போச்சு" என்று சொன்னால், "போர்டுல எது போச்சுண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். விவரம் தெரிந்து கேட்பவருக்கு நல்ல மெக்கானிக் சந்தோஷமாகவே பதில் சொல்வார். விவரம் தெரியாமல் நிற்கும் அப்பாவின் பல நாள் கூலி அந்த ஒரு வார்த்தையில் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த மேலூர் மாணவி? ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு மதியமே புராஜெக்ட்டைக் கொடுத்துவிட்டாள். கடையை விட்டு இறங்கும் முன் இன்னொன்றும் வாங்கினாள், ஒரு பென் டிரைவ். அன்று இரவே எல்லாவற்றையும் அதில் காப்பி செய்து வைத்தாள்.

நீங்களும் இன்றே செய்துவிடுங்கள். நேரம் கிடைத்தால், பரணில் தூங்கும் அந்தப் பழைய லேப்டாப்பையும் ஒரு முறை இறக்கிப் பாருங்கள்!