டைனோசர் முளைக்கிற காடு

பொய்யில் இரண்டு வகை. ஆபீசில் லீவு கேட்கச் சொல்லும் பொய் அன்று சாயந்தரமே செத்துவிடும். குழந்தைகளிடம் சொல்லும் பொய் கூட்டுவட்டி போட்டு வளரும். பி.காம். படித்த எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா, ஆஸ்திரேலியால நிஜ டைனோசர் இருக்குமா?" என்று ஐந்து வயதுச் சின்னவன் கேட்டபோது, நான் அவனுக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"இருக்கும். வாயைத் திற."

அந்தத் தோசைக்கு நான் கொடுத்த விலை, பிரிஸ்பேனிலிருந்து வடமேற்கே சுமார் 1,350 கிலோமீட்டர்!

பிரிஸ்பேனில் என் மைத்துனன் இருக்கிறான். பள்ளி லீவுக்குக் குடும்பத்தோடு போய் இறங்கியதும், பீச், பூங்கா, கங்காரு என்று அவன் போட்டிருந்த பட்டியலைச் சின்னவன் ஒரே வார்த்தையில் நிராகரித்தான். "டைனோசர்."

"அதுக்கு விண்டன் போகணும் அத்தான். ரெண்டு நாள் டிரைவ்" என்றான் மைத்துனன், நான் மறுத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில். என் சகதர்மிணி அதற்குள் புளியோதரைக்குப் புளி ஊற வைத்துவிட்டாள்.

குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டில் விண்டன், ஹியூஎண்டன், ரிச்மண்ட் என்று மூன்று சின்ன ஊர்கள். மேப்பில் கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் வரும். மூன்றிலும் டைனோசர் காலத்துச் சங்கதிகள் இருக்கின்றன. ரிச்மண்ட் பக்கம் அன்றைக்குக் கடலாக இருந்தது. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் கடல் பிராணிகள். விண்டன் பக்கம் ஆறும் சதுப்பும் காடுமாக இருந்தது. அங்கேதான் தரையில் நடந்த டைனோசர்கள். எங்கள் பட்ஜெட்டுக்கும் பொறுமைக்கும் விண்டன் மட்டும் என்று முடிவாயிற்று.

ரோடு நேராகப் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. டீக்கடை கிடையாது, மைல் கணக்கில் மனிதர் கிடையாது. எப்போதாவது எதிரே 'ரோடு டிரெய்ன்' என்கிற லாரி வருகிறது. ஒரு என்ஜின், பின்னால் மூன்று டிரெய்லர், மொத்தம் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அது கடந்து போகும்போது எங்கள் கார் ஒரு தரம் மூச்சு வாங்கியது. சாயந்தரம் ஆனால் கங்காருகள் ரோட்டுக்கு வந்துவிடும், இருட்டில் ஓட்டக் கூடாது என்று மைத்துனன் அஞ்சு மணிக்கே வண்டியை ஓரம் கட்டிவிடுவான். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வியைப் பெரியவள் (வயது எட்டு) அறுபத்து மூன்று தடவை கேட்டாள். நான் கணக்கு வைத்திருந்தேன். தொழில் புத்தி.

விண்டன், ஆயிரம் பேர்கூடத் தேறாத ஊர். ஆனால் 1920-ல் குவான்டாஸ் விமானக் கம்பெனி பிறந்தது இங்கே. 'வால்ட்ஸிங் மட்டில்டா' பாட்டை பாஞ்ஜோ பேட்டர்சன் 1895-ல் எழுதியது இந்த வட்டாரத்தில். தெருவில் குப்பைத் தொட்டிகள்கூட டைனோசர் பாத வடிவத்தில் நிற்கின்றன. ஊர்த் தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, பூமிக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க வருகிறது. குழாயைத் திறந்தால் அழுகின முட்டை வாசனை. குளிக்கப் போன சின்னவன் பரவசத்தோடு வெளியே ஓடி வந்தான்:

"அப்பா! பாத்ரூம்ல டைனோசர் இருக்கு! வாசனை வருது!"

மறுநாள் காலை மியூசியம். 'ஆஸ்திரேலியன் ஏஜ் ஆஃப் டைனோசர்ஸ்' என்று பெயர். ஊருக்கு வெளியே, மேசை மாதிரித் தலை தட்டையான ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. பெருக்கினேன். இரண்டு நிமிஷம் பேச்சு வரவில்லை. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு வெண்கல டைனோசர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. 'பாஞ்ஜோ' என்று செல்லப் பெயர், மாமிச பட்சிணி. சின்னவன் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு குச்சியால் அதைத் தொட்டுப் பார்த்தான். டங் என்றது.

"இது பொம்மை."

"உள்ளே போகலாம் வா."

உள்ளே எலும்புகள். மட்டில்டா என்ற சைவ டைனோசரும் இந்த பாஞ்ஜோவும் ஒரே பழங்காலக் குட்டைச் சேற்றில் கலந்து கிடைத்தார்களாம். 2009-ல் இரண்டுக்கும் முறைப்படி விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். வயது ஒன்பதரைக் கோடி வருஷம். ஆராய்ச்சிக் கூடத்தில் ஷெல்ஃப் ஷெல்ஃபாக, மாவுக்கட்டுப் போட்ட எலும்புகள் தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன, நம்ம ஊர் பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டு மாதிரி. ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிகள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து, சின்னக் கருவியால் பாறையைத் துளித்துளியாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்னவன் எல்லாவற்றையும் பார்த்தான். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான். உதடு பிதுங்கியது.

"நிஜ டைனோசர் எங்கே?"

"இதுதாண்டா கண்ணா, இதோட எலும்பு..."

"செத்துப் போச்சா?"

"ஆமாம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"கோவில்பட்டித் தாத்தா மாதிரியா? திரும்பி வராதா?"

பக்கத்தில் நின்ற சகதர்மிணி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வருஷம் தை மாசம் என் அப்பா போனபோது, "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று அவனிடம் சொன்னதும் நான்தான். அந்தப் பொய்யும் அதே கணக்கில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"ஆமாண்டா. தாத்தா மாதிரிதான். திரும்பி வராது" என்றேன்.

அழுதான். அப்படி ஒரு அழுகை! ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து குனிந்து என்ன என்று கேட்டார். மைத்துனன் விளக்கினான். பாட்டி சின்னவனிடம், "எனக்கும் அதில் வருத்தம்தான்" என்று ரொம்ப சீரியஸாகச் சொன்னார். அவன் அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தான். இங்கிலீஷ் புரிந்திருக்காது. முகம் புரிந்திருக்கும்.

இந்த இடம் உருவான கதையை வழிகாட்டிப் பையன் சொன்னான். டேவிட் எலியட் என்று இந்த ஊர்ப் பண்ணைக்காரர். 1999-ல் தன் நிலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது வித்தியாசமாக ஒரு கல் கண்ணில் பட்டது. இறங்கி எடுத்தார். டைனோசர் எலும்பு! 2002-ல் அவரும் மனைவியுமாக இதற்கென்று ஓர் அமைப்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒன்பதரைக் கோடி வருஷத்து எலும்பு மேலே எப்படிக் கிடக்கும்?" என்று பெரியவள் கேட்டாள். என் பெண்!

"இது கரிசல் மண். மழையில் ஊறி உப்பும். வெயிலில் காய்ந்து வெடிக்கும். மேல்மண் வெடிப்புக்குள் விழும், அடுத்த மழைக்கு உள்ளே இருப்பதை மேலே தள்ளும். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே கடைந்தால், அடிப்பாறையில் கிடக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிடும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் காடு இருந்தது. (எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம்.) உழவுக்கு முன்னால் அப்பா என்னைக் கல் பொறுக்கவிடுவார். மறு வருஷம் அதே இடத்தில் மறுபடியும் கல். "போன வருஷம்தானப்பா பொறுக்கினேன்!" என்று நான் கத்தினால் சிரிப்பார். "கரிசல்ல கல்லு முளைக்கும்ல!" நான் அதை அப்பாவின் ஜோக் என்றே நினைத்திருந்தேன், பூமியின் இந்தக் கோடியில் வந்து நிற்கும்வரை.

அந்த நாலு ஏக்கரை, அப்பா காரியம் முடிந்த ஆறாம் மாதம், அண்ணனும் நானும் பக்கத்துக் காட்டுக்காரருக்கு விற்றுவிட்டோம். வரவு செலவு பார்த்தால் சரியான முடிவுதான்.

அடுத்த கட்டடத்தில் ஒரு தடப்பாறை. 54 மீட்டர் நீளத்துக்கு டைனோசர்கள் நடந்த சுவடு. ஒரு பண்ணையின் ஓடைப் படுகையில் இருந்ததாம். வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விடும் என்று, 2018-லிருந்து மூன்று வருஷம் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்து வந்து இங்கே மறுபடி பொருத்தியிருக்கிறார்கள்.

எனக்கு நம்ம அரியலூர் ஞாபகம் வந்தது. அங்கே கல்லமேட்டில் கிடைத்த ராட்சச எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980-களின் கடைசியில் 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் என்று எழுதினார்கள். உலகத்தின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் விஞ்ஞானிகள் பேசுகிறார்கள். போய்ப் பார்க்கத்தான் முடியாது. எலும்பு மழை ஈரத்தில் பொடிந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது கோட்டோவியங்களும் மங்கலான போட்டோவும்தான்.

மூன்றாம் நாள் லார்க் குவாரி. விண்டனிலிருந்து 110 கிலோமீட்டர். தார் கொஞ்சம், புழுதி நிறைய. நடுக்காட்டில் ஒரு கட்டடம், அதற்குள் ஒரு பாறைச் சரிவு. அந்தச் சரிவு முழுக்க, சுமார் 3,300 காலடித் தடங்கள். கோழி சைஸிலிருந்து ஈமு சைஸ் வரை சின்ன டைனோசர்கள் ஏரிக்கரைச் சேற்றில் நின்றபோது பெரிய மாமிச பட்சிணி ஒன்று வந்தது, அத்தனையும் அலறியடித்து ஓடின... இது 1976-77-ல் தோண்டி எடுத்தவர்களின் கதை. இல்லையில்லை, அந்தப் பெரிய தடம் ஒரு சைவ டைனோசருடையது, சின்னவை ஓடவில்லை, ஆற்றில் நீந்திப் போனபோது கால் பட்ட தடங்கள் இவை என்று 2011-க்குப் பிறகு வேறு விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள்.

"யார் சொல்றது சரி?" என்றாள் பெரியவள்.

"இன்னும் விவாதம் ஓடுகிறது" என்றார் வழிகாட்டி. எந்தப் பக்கமும் டாலி ஆகாத கணக்கைக் காட்டி இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த மனிதரை நான் ஆடிட் லைனில் பார்த்ததில்லை.

சின்னவன் நடைபாலத்துக் கம்பியில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று விரல் தடம் ஒன்றுக்கு நேராகத் தன் உள்ளங்கையை நீட்டி, அளவு பார்த்தான்.

"அப்பா, இங்கே வந்துட்டுப் போயிருக்கு."

"ஆமாம்."

"நாமதான் லேட்."

"ஒன்பதரைக் கோடி வருஷம்" என்றேன்.

"அம்மா கிளம்ப லேட்டாக்கினா" என்றான். சகதர்மிணி என்னைத்தான் முறைத்தாள்!

காருக்குத் திரும்பி நடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான், "தாத்தாவுக்குத் தடம் இருக்கா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. புழுதி ரோட்டில் இருபது கிலோமீட்டர் போன பிறகு ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பிய அடுத்த மாசம் கோவில்பட்டி போனோம். விற்ற நிலத்துக்குள் போக எனக்குக் கூச்சம். பம்புசெட் தொட்டி அப்படியே இருந்தது. நான் மூணாம் வகுப்புப் படிக்கும்போது கட்டிய தொட்டி. சிமெண்ட் பூசின அன்றைக்கே அப்பா மோட்டாரை நிறுத்த அவசரமாக ஓடி, ஈரத்தில் காலை வைத்துவிட்டார். கொத்தனார் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. தொட்டிக் கரையில் குப்பையைக் கையால் தள்ளினேன். வலது கால். ஐந்து விரலும் தெளிவாக.

சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் தன் காலை வைத்தான். இரண்டு பக்கமும் ஏகப்பட்ட இடம் மிச்சம்.

"தாத்தா ஓடினாரா, நடந்தாரா?" என்று கேட்டான்.

"ஓடினார். நான் பார்த்தேன்."

இந்த ஒரு கணக்காவது சந்தேகமில்லாமல் டாலி ஆயிற்று.

பிறகு அவன் காட்டுக்குள் இறங்கி, குனிந்து குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்தான். இந்தக் கரிசலுக்கு அடியில் இருப்பது டைனோசருக்கெல்லாம் ரொம்ப முந்தின பாறை, இங்கே ஒன்றும் கிடைக்காது என்று உண்மையைச் சொன்னேன். இனி பொய் கிடையாது என்று தீர்மானமாயிற்றே! "நீ பேசாம இருப்பா" என்றான்.

வரப்பில் பக்கத்துக் காட்டு அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். நான் சங்கடத்தோடு எழுந்து நின்றேன். "மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி... பையன் கல்லு பொறுக்கறான்..."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொறுக்கட்டும் தம்பி, நல்லாப் பொறுக்கட்டும்! நாளைக்கு உழவு. கல்லு பொறுக்க ஆள் கிடைக்காமத்தான் நான் லோலாயப்படுதேன். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்!"