சிக்கிமுக்கிக் குன்றுகள்

அமெரிக்க நாட்டின் நடுவண் அமைந்த கான்சாஸ் மாநிலத்தில், கவுன்சில் குரோவ் என்னும் சிற்றூரினின்று 177ஆம் எண் சாலை தெற்கு நோக்கிச் செல்கின்றது. கசோடே என்னும் ஊர் வரை, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவுக்கு, இருமருங்கும் புல்லே காட்சியளிக்கும். காற்று வீசுங்கால் குன்றுகளே அசைவனபோல் தோன்றும். பள்ளங்களில் புல் ஆளுயரத்திற்கும் மேலாக வளர்ந்து, இலையுதிர் காலத்தில் செம்பு நிறம் கொள்ளும்.

முன்னாளில் வட அமெரிக்காவிற் பரந்து கிடந்த நெடும்புல் நிலத்தில் இன்று நூற்றில் நான்கு பங்குகூட எஞ்சவில்லை. ஏனைய இடங்கள் ஏர் பட்டு விளைநிலங்கள் ஆயின. இங்கு மட்டும் புல்லைக் காத்தது யாது? மேல்மண்ணின் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையும், அதனிடையே செறிந்த சிக்கிமுக்கிக் கல்லுமே. உழ இயலாத இக்குன்றுகளில் குடியேறியோர் மாடு மேய்க்கலாயினர். இளவேனிலில் அவர்கள் புல்லுக்குத் தீயிடுவர். கொடுமையாகத் தோன்றினும் அது நன்மையே. மரக்கன்றுகள் கருகிவிட, ஆழ வேரூன்றிய புல் சின்னாளில் மீண்டும் தளிர்க்கும். அப்பருவத்து வைகறையில் ஆண் பிரெய்ரிக் கோழிகள் கழுத்துப் பைகளை உப்பச் செய்து முழங்கி ஆடும்.

1996ஆம் ஆண்டில் இப்புல்வெளியின் ஒரு பகுதி தேசியக் காப்பிடமாக்கப்பட்டது. வேட்டையால் மறைந்துபோன பைசன் என்னும் காட்டெருதுகளும் 2009இல் அங்கே கொணர்ந்து விடப்பட்டன.

1821 முதல் மிசௌரியிலிருந்து சான்டா ஃபே நகருக்குச் சென்ற வணிகரின் வண்டிகள் கவுன்சில் குரோவ் வழியே உருண்டன. பின்வருவோருக்கென ஓர் ஓக் மரத்தடியில் அவர்கள் கடிதங்களை வைத்துச் சென்றனர் என்பர். 1880இல் சான்டா ஃபேயை இருப்புப்பாதை எட்டவே, அவ்வழி ஓய்ந்தது.

வண்டியில் வந்தோர் வரலாறு போற்றப்படும் அளவிற்கு, முன்பே அங்கு வாழ்ந்தோர் வரலாறு போற்றப்பட்டதில்லை. காவ் அல்லது கான்சா எனப்படும் அம்மக்களின் பெயரே மாநிலத்தின் பெயராயிற்று. ஆயினும் 1873இல் அவர்கள் கவுன்சில் குரோவை விட்டு, இன்றைய ஓக்லஹோமாவிற்கு அகற்றப்பட்டனர். அவர்கள் வழிபட்ட பெருஞ் செந்நிறக் கல்லையும் 1929இல் லாரன்ஸ் நகரத்தார் கொண்டுசென்று, குடியேறியோரைப் புகழும் பலகையைப் பதித்து நினைவுச் சின்னமாக்கினர். அக்கல் காவ் மக்களுக்கே மீண்டும் உரியதாகி, 2024ஆம் ஆண்டில் கவுன்சில் குரோவ் அருகே அவர்களது நிலத்தில் நிறுவப்பட்டது.