சவுரர் லொறியின் அடித்தகடு

சனிக்கிழமை விடிந்தால் எங்கள் வீட்டில் இரண்டு மணம் எழும்பும். ஒன்று, அம்மா வாழையிலைக்குப் பதிலாக வெள்ளித்தாளில் சுற்றிக் கட்டுகிற புட்டும் சம்பலும். மற்றது, கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த அப்பாவின் நீல வேலைச்சட்டையிலிருந்து வருகிற கிறீசும் எரிந்த இரும்பும். அந்தச் சட்டை அவர் தோளில் ஏறினதும் நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். சுவிசின் வில் நகர ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஃபிறவுன்ஃபெல்டுக்குப் போகிற சின்ன ரயிலின் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது அவர் வேலை செய்த கராஜ்.

கிழமை நாட்களில் அங்கே பெரிய பெரிய லொறிகள் வந்து போகும். சனிக்கிழமை மட்டும் கதவு பாதிதான் திறந்திருக்கும். உள்ளே செவ்வின், அதாவது கராஜ் முதலாளியின், சொந்த லொறி, மூக்கு நீண்ட பழைய சவுரர், அப்பாவைவிட வயது கூடினது, பொறுமையாகக் காத்துக்கொண்டு நிற்கும். சவுரர் எங்கள் பக்கத்துச் சாமான். 1853இல் சென்காலனில் இரும்பு வார்ப்பாலையாகத் தொடங்கி, பிறகு போடன் ஏரிக்கரை ஆர்போனுக்குப் போய், 1903இலிருந்து லொறி செய்த கம்பனி. மலைப்பாதையில் ஏறிய மஞ்சள் தபால் பஸ்களில் எத்தனையோ அவர்கள் செய்ததுதான். 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனங்கள் இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வரத் தொடங்கின காலத்தில்தான் ஆர்போனில் அந்தப் பெயரில் லொறி செய்கிற வேலையும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த லொறியைத் திருத்தத் தொடங்கின முதல்நாள் அப்பா கபினுக்குள் கிடந்த றப்பர் விரிப்பைத் தூக்கினது நல்ல ஞாபகம். அடியில் இருந்த கம்பளித்துணி தண்ணீர் குடித்து ஊறிப்போய், மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி மணத்தது. அதையும் உரித்தெடுத்தபோது தகடு இருக்கவேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் அடை அடையாகக் கறள். அப்பா திருப்புளியை வைத்து மெல்ல அமத்தினார். அது பிடிவரைக்கும் உள்ளே இறங்கியது. ஓட்டைக்குள்ளால் நான் எட்டிப் பார்க்க, கீழே சீமெந்து நிலம் தெரிந்தது. எனக்கு அது பெரிய புதினம்.

"எல்லாம் உப்புச் செய்யிற வேலை, பிள்ளை" என்றார் அப்பா. பாசலுக்குப் பக்கத்தில், ரைன் ஆற்றங்கரை ஸ்வைட்சர்ஹாலேயில் நிலத்துக்கடியிலிருந்து எடுக்கிற உப்பைத்தான் பனிக்காலத்தில் தெருவெல்லாம் கொட்டுவார்கள். உருகின பனியோடு அது சில்லுக்கு அடியால் தெறித்து மடிப்புகளுக்குள் புகுந்துவிடும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈரம் காயாத இடத்தில் கறளும் நிற்காது. ஊரில், கடற்கரைப் பக்கம் ஓடின ஒஸ்ரின் ஏ40 கார்களிலும் இதே கறளைத்தான் சுரண்டியதாகச் சொல்லுவார். அங்கே உப்பைக் காற்று கொண்டுவந்தது.

நான் நினைத்தேன், உக்கின தகட்டை உடனே வெட்டி எறிவார் என்று. அப்பா வெட்டவில்லை. முதலில் கபின், சட்டத்தின் மேல் அதன் சொந்தத் தாங்கிகளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். பிறகு சதுரக் குழாய்களை அளந்தறுத்து, கதவு வாசல் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒன்று, இடப்பக்கத் தூணிலிருந்து வலப்பக்கத் தூணுக்கு ஒன்று என்று ஒட்டி, உள்ளே ஒரு கூடே கட்டிவிட்டார். அடித்தகடு கால் வைக்கிறதுக்கு மட்டும் இல்லை, தூண்கள் விலகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் கபின் தன் பாரத்திலேயே கோணும், பிறகு கதவு ஒருநாளும் பூட்டாது. "வெட்டுறது ஆருக்கும் ஏலும் பிள்ளை. வெட்டின பிறகும் அது அதுவாயே நிக்கோணும்."

அதுக்குப் பிறகுதான் என்னுடைய வேலை. டேப்பின் ஒரு நுனியை மூலையில் நான் பிடிக்க, அப்பா எதிர் மூலைக்கு இழுப்பார். மற்ற இரண்டு மூலைக்கும் அப்படியே. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் கபின் நேர். அளவைச் சோக்கால் சுவரில் எழுதுவார். நான் அசைந்தால் லொறி கோணிப்போகும் என்று உறுதியாக நம்பினதால் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஒன்பது மணிக்கு ஸ்னூனி, காலை இடைச்சாப்பாடு. செவ் மொறுமொறுத்த பூர்லிப் பாணும் சென்காலன் பிறாட்வூர்ஸ்டும் கொண்டுவருவார். அந்தச் சொசேச்சுக்கு இங்கே கடுகு பூசுவதில்லை, பூசினால் ஊர்க்காரருக்கு மனம் நோகும். புரட்டாதிச் சனியில் அப்பா மச்சம் தொடமாட்டார் என்று தெரிந்த பிறகு, அந்த மாதம் அவருக்கென்று அப்பன்செல் சீஸ் தனியாக வரும். செவ் எங்கள் சம்பலைத் தொட்டு, கண் கலங்க, "குவெற், குவெற்", நல்லாயிருக்கு என்பார்.

புதுத்தகடு செய்ய வாழைப்பழப் பெட்டி மட்டையை வெட்டி அச்சு எடுத்தார். பழைய தகட்டில் ஓடின வரிமேடுகள் அழகுக்கு இல்லை, தகடு துள்ளாமல் இருக்கத்தான் என்று புதியதிலும் அதே இடத்தில் தட்டினார். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைத்தார். ஒட்டும்போது "சுவரைப் பார்" என்பார். சுவரில் நீல வெளிச்சம் துடிக்க, அவருடைய நிழல் பெரிதாகி மறையும். ஒரே கோட்டில் ஓடி ஒட்டமாட்டார். இங்கே ஒரு பொட்டு, அங்கே தூரத்தில் ஒரு பொட்டு, பிறகு கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பு. சூடு ஆறும்போது தகடு சுருங்கித் தூணை இழுக்குமல்லவா. இடைக்கிடை கதவைச் சாத்தி, விளிம்பு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கடைசியில்தான் குழாய்க்கூட்டை அறுத்தார். உடனே திரும்ப அளந்தோம், சுவரில் இருந்த அதே எண்.

மூட்டுகளுக்குத் துத்தநாகப் பூச்சு, மடிப்புக்குள் மெழுகு. சோதனையில் லொறி தேறியது. இங்கே 30 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாத வாகனத்தைப் பழமை வாகனமாகப் பதியலாம். ஆறு வருடத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும். இன்று ஆர்போன் ஏரிக்கரையில் சவுரருக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு அங்கே போனால் எல்லாரும் எஞ்சினைப் பார்ப்பார்கள், நான் குனிந்து கதவு இடைவெளியைப் பார்ப்பேன்.

பழைய வாகனம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். பனிக்காலம் முடிந்ததும் விரிப்பைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். கறள் கண்டால் அறுக்கிற மெஷினை எடுக்க முதல் டேப்பை எடுங்கள். முட்டுக் கொடுத்து, குறுக்களவு எழுதி வைத்த பிறகு வெட்டுங்கள். அந்த வேலைக்கு டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஒரு பிள்ளையையும் கூப்பிடுங்கள்.