ஓரிரு இடங்களில்

மே மாதச் செய்திகளில் வெயில் பட்டியல் வாசிக்கும்போது வேலூர், திருத்தணி, ஈரோடு என்று வந்து கரூர் பரமத்தியையும் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு வெயில் ஞாபகம் வருவதில்லை. ஒரு டிரான்சிஸ்டரின் கரகரப்புதான் காதுக்குள் கேட்கும்.

நிறையப் பேர் அதைக் காவிரிக்கு வடக்கே இருக்கும் பரமத்தி வேலூரோடு குழப்பிக்கொள்கிறார்கள். எங்கள் பரமத்தி ஆற்றுக்குத் தெற்கே, மேட்டாங்காட்டுச் சீமையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் சராசரி மழை 700 மில்லிமீட்டரைத் தொடாது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். ஆனாலும் சித்திரை, வைகாசியில் இடியோடு விழும் நாலைந்து மழைக்காகத்தான் எங்கள் ஊர் ஏங்கிக் கிடக்கும். காரணம், கொறங்காடு.

கொறங்காடு என்றால் ஆடுமாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். பங்குனி பிறந்ததும் புல் தீய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். மாடுகள் மண்ணை முகர்ந்து முகர்ந்து நடக்கும். பட்டியில் ஆடுகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், நாலைந்து நாளில் அடித்தூரில் பச்சை தட்டும். அந்தப் பச்சையைப் பார்க்க என் தாத்தா, அப்பாரு, விடியக்காலையில் என்னையும் எழுப்பிக் கூட்டிப் போவார். குனிந்து ஒரு தூரை விரலால் விலக்கி, "பாத்தியா கண்ணு, உசுரு இருக்குது" என்பார்.

கரூர் தனி மாவட்டம் ஆகாத காலம் அது. எங்களுக்கு எல்லாமே திருச்சிதான், வானொலியும் திருச்சிதான். மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். தோல் உறை போட்ட டிரான்சிஸ்டரை வாசல் திண்ணைத் தூணில் ஆணி அடித்து மாட்டியிருந்தோம். பொழுது சாய்ந்ததும் அப்பாரு கயிற்றுக் கட்டிலை அதன் அடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். வானொலியின் மேல் அவருக்கு இருந்தது சாதாரண நம்பிக்கை இல்லை. டெல்டாவில் ஆடுதுறை 27 நெல் பரவியதில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. குடியானவர்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். நெல்லே விளையாத எங்கள் காட்டிலும் அந்தக் கதையை அப்பாரு பெருமையாகச் சொல்வார்.

செய்தியின் கடைசியில் வானிலை வரும். உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று வாசிப்பார்கள். கோடை முழுக்க ஏறக்குறைய அதே வரிதான். அலுத்துப்போய் நான் ஒருமுறை கேட்டேன். "தெனமும் இதையேதான் சொல்றாங்கொ. எந்த எடம்னு சொன்னா என்னங்க அப்பாரு?"

"எந்த எடம்னு அவங்களுக்கு எப்படிச் சாமி தெரியும்? நம்ம காடு அந்த ஓரிரு எடத்துல ஒண்ணா இருந்துட்டுப் போவுட்டுமே."

ஓரிரு இடங்கள் என்பதற்கு வானிலைத் துறையில் ஒரு கணக்கு இருக்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வட்டாரத்தில் 100 மழைமானிகள் இருந்தால், அதிகம் போனால் 25 நனையும். அதற்கு மேல் என்றால் சில இடங்கள், பிறகு பல இடங்கள். கோடை மழைக்கு இந்தச் சிக்கனமான சொல்தான் சரி. பகலெல்லாம் காய்ந்த தரை காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகிறது. வங்கக் கடலின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் இடத்தில் அது மேகமாகத் திரண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. வெப்பச் சலனம் என்று இப்போது சொல்வது இதைத்தான். ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள். அது எந்தக் காட்டின் தலைக்கு மேல் உடையும் என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் மாலையில் எங்கள் டிரான்சிஸ்டர் சொல்லும். மின்னல் வெட்டும் போதெல்லாம் மத்திய அலையில் 'க்ர்ர்க்' என்று ஒரு கீறல் விழும். வானத்தில் வெளிச்சம் தெரிவதற்கும் முன்பே, தொலைவில் எங்கோ வெட்டுகிற மின்னலையும் அது பிடித்துவிடும். அப்பாரு செய்தியைவிட அந்தக் கீறலைத்தான் கவனமாகக் கேட்பார். கீறல் நெருங்க நெருங்க அவர் முகம் மாறும். ஒருநாள் வானிலை அறிக்கையை வாசிக்கும்போதே கீறல் மூடிவிட்டது. 'ஓரிரு' வரைக்கும் கேட்டது, 'இடங்களில்' கேட்கவில்லை. அப்பாரு எழுந்துவிட்டார்.

"கன்னுக்குட்டிய உள்ள கட்டு. ஆட்டை வெள்வேலாமரத்தடியில உட்டுப்போடாதீங்க."

முந்தின வருடம் பக்கத்துக் காட்டில் மரத்தடியில் ஒதுங்கிய ஏழு ஆடுகள் ஒரே இடியில் போயின. மரத்தில் இறங்கிய மின்சாரம் தரையில் பரவும்போது முன்காலில் ஏறிப் பின்காலில் இறங்கும், நெஞ்சு நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். அப்பாருவுக்கு அந்தக் காரணம் தெரியாது, ஏழு ஆடுகள் போனது தெரியும். அப்பத்தா மிளகாயைச் சாக்கோடு வாரி உள்ளே போட்டாள், அர்ச்சுனா அர்ச்சுனா என்று முணுமுணுத்தபடி. முதலில் புழுதியை வாரிக்கொண்டு காற்று வந்தது. அடுத்த நொடியே அது குளிர்ந்தது. மண்வாசனையும் அந்தக் காற்றிலேயே வந்தது, மழைக்கு முன்னால்.

மழை, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்துக்கு அந்தப் பக்கம் பெய்தது. இந்தப் பக்கம் பெய்யவில்லை. எங்கள் வாசலில் பெரிய பெரிய துளியாகப் பத்து விழுந்திருக்கும், அவ்வளவுதான். வேலிக்கு அப்பால் வெள்ளைத் திரையாக மழை நிற்பதைப் பார்த்தபடி நாங்கள் காய்ந்து நின்றோம். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அப்பாரு இட்டேரியைத் தாண்டி அந்தக் காட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். மண்ணில் ஆள்காட்டி விரலைச் செருகி, ஈரம் எங்கே முடிகிறது என்று பார்த்தார். விரல் முழுக்கப் போயிற்று. கையைத் தட்டிக்கொண்டு, "நல்ல உழவு மழை" என்றார். "அவங்களுக்கு உளுந்ததே பெருசு. சீமைக்குள்ள மழை வந்துருச்சல்லோ." அவர் குரலில் துளி வருத்தம் இருந்ததா என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இருந்ததாக நினைவில்லை.

அப்பாரு இல்லை. டிரான்சிஸ்டர் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கொறங்காட்டில் பாதியை வீட்டுமனைக்கு விற்றோம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கிளுவை வேலி இருந்த இடத்தில் கம்பி வேலி நிற்கிறது. பண்பலையில் மின்னல் கீறல் விழுவதில்லை. இப்போது மழை அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் என்று மாவட்டத்தின் பெயரோடு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. மின்னல் எச்சரிக்கைக்கென்றே 'தாமினி' என்று ஒரு செயலி இருக்கிறது. அன்றைக்கு இதெல்லாம் இருந்திருந்தால் அந்த ஏழு ஆடுகள் பிழைத்திருக்கும். அதை நான் முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் சேதி வருவது கோவையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எனக்கு. கன்றுக்குட்டியை உள்ளே கட்ட வேண்டிய அவசரம் இங்கே யாருக்கும் இல்லை.

போன வைகாசியில் ஒரு ராத்திரி அப்படி ஒரு சேதி வந்தது. கரூர் மாவட்டம், ஓரிரு இடங்களில். மீதிக் காட்டில் இன்னும் நாலு மாடு வைத்திருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"அங்க மழைங்களா சித்தப்பா?"

"கொல்லிமலைப் பக்கம் மின்னுது கண்ணு. சத்தம் இன்னுங் கேக்கல."

"காட்டுக்கு வருமுங்களா?"

"பாக்கலாம். கட்டல வாசல்லதான் போட்டிருக்கறேன்."