அமெரிக்கப் பேயும் அத்தையின் கிணறும்

பேய்க்கதை எழுதுகிறேன் பேர்வழி என்று நான் வீணாக்கிய தாள்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தால் இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருக்கலாம். எல்லாம் ஒரே கதைதான். ஊர் வீட்டின் கொல்லையில் ஒரு கிணறு. அமாவாசை. நாய் ஊளையிடும். ராட்டினம் தானாகச் சுற்றும். பச்சைப் புடவை சொட்டச் சொட்ட ஓர் உருவம் ஏறி வரும். பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். பதிலே வராது.

ஒருநாள் அதைக் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். அதுவே பெரிய மரியாதை. முடிந்ததும், "பேய் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்த வீட்ல இருக்கறவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு என்ன வந்தது?" என்றாள். சுருக்கென்றது. "இங்க வா, ஒண்ணு காட்டறேன்" என்று 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் முதல் எபிசோடைப் போட்டாள்.

2005-ல் தொடங்கி 2020 வரை 15 சீசன், 327 எபிசோடு ஓடிய அமெரிக்கத் தொடர் அது. டீன் அண்ணன், சாம் தம்பி. இருவரும் ஒரு பழைய காரில் ஊர் ஊராகப் போய்ப் பேய் பிசாசுகளை ஒழிப்பார்கள். துணி மடித்துக்கொண்டே பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

1983, நவம்பர் 2. கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வீடு. இரவு, கைக்குழந்தையின் சத்தம் கேட்டு அம்மா மேரி எழுந்து வருகிறாள். தொட்டில் பக்கத்தில் இருட்டில் ஓர் ஆள் நிற்கிறான். கணவன் என்று நினைத்து, குழந்தைக்குப் பசியா என்று கேட்கிறாள். 'உஷ்' என்று மட்டும் பதில் வருகிறது. சரியென்று திரும்பிவிடுகிறாள். கீழே டி.வி. வெளிச்சம் தெரிகிறது. இறங்கிப் போனால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் மாடியில் நிற்பது யார்?

ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினேன். இதுவரை பேயின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. பல்லும் இல்லை, நகமும் இல்லை. டி.வி. முன்னால் தூங்கிப்போன ஒரு அப்பா, அவ்வளவுதான். எல்லார் வீட்டிலும் நடப்பது. அதை வைத்தே வயிற்றைக் கலக்கிவிட்டார்கள். நானோ மூன்று பக்கத்துக்கு இருட்டை வர்ணித்திருந்தேன். அந்த வீட்டில் யார் எங்கே படுத்திருந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு எபிசோடு. பக்கத்தில் ஒரு நோட்டு. இந்தத் தொடரில் ஆவி தாண்டாமல் இருக்க வாசலில் உப்பால் கோடு போடுவார்கள். "நாம சுத்திப் போடற அதே உப்புதாம்மா!" என்று மகளுக்குச் சிரிப்பு. கோடு கலைந்தால் ஆவி உள்ளே வந்துவிடும் என்று நமக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஜன்னல் படாரென்று திறந்தாலே போதும், கண் தரையில் இருக்கும் உப்புக்குத்தான் போகும். என் பேய்க்குச் சட்டதிட்டமே கிடையாது. நினைத்தால் வரும், நினைத்தால் மறையும்.

ஆனால், என்னை உலுக்கியது முதல் எபிசோடிலேயே வரும் இன்னொரு பேய். வெள்ளை உடையில் நெடுஞ்சாலையில் நின்று கார்களை மறிப்பாள். கணவனின் துரோகத்தால் நிலை தடுமாறி, பெற்ற பிள்ளைகள் இருவரையும் தானே கொன்றுவிட்டு உயிரை விட்டவள். ஏறுகிற கார்க்காரனிடம் வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்வாள். ஆனால் வீட்டுக்குள் அவளால் போகவே முடியாது, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள். சாம் காரோடு அந்த வீட்டுக்குள் மோதி அவளை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அதோடு அவள் கதை முடிகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாமும் வீட்டைவிட்டுப் படிக்கப் போனவன். போவதானால் திரும்பி வராதே என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். பேயின் குறையும் நாயகனின் குறையும் ஒன்றுதான். அவளைத் துரத்தும்போது அவன் தன் காயத்தையேதான் துரத்துகிறான். இது எனக்கு இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது.

பதினைந்து சீசனையும் பார்க்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கே பொறுப்பில் இருந்த முதல் ஐந்து சீசனோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. ஐந்தாவது சீசன் கடைசியில், சாமின் உடம்புக்குள் சாத்தானே புகுந்து டீனை அடித்து நொறுக்கும்போது, சிறுவயதில் சாம் காரின் சாம்பல் கிண்ணத்தில் திணித்து வைத்த பொம்மைச் சிப்பாய் கண்ணில் படுகிறது. அந்த நொடியில் அண்ணன் ஞாபகம் வந்து அவன் மீள்கிறான். நான் அழுதேன். மகள் டிஷ்யூவை நீட்டிவிட்டு, "நோட்ல எழுதிக்கோ" என்றாள்.

எழுதினேன். அதற்குக் கீழே, 'கிணற்றுப் பேய்க்கு என்ன குறை?' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

அந்த உருவம் யார் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் தங்கை. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது புகுந்த வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள், பல்லாங்குழி சொல்லிக் கொடுத்தாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். ஐந்தாம் நாள் காலை பஸ்ஸில் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டியவர் அப்பா. அன்று விடியும்போது அத்தை கிணற்றில் கிடந்தாள். கால் வழுக்கிவிட்டது என்பார்கள். வீட்டில் அவளுக்குப் படம்கூட இல்லை. நானும் இத்தனை வருடமாக அவளை 'உருவம்' என்றே எழுதியிருக்கிறேன்.

இந்த முறை நாய், ராட்டினம், அமாவாசை எல்லாவற்றையும் அடித்தேன். முதல் பக்கத்திலேயே டிரங்குப் பெட்டியை வைத்தேன். யார் எங்கே படுத்திருந்தார்கள் என்று எழுதினேன். பாட்டி அடுப்படியில், நான் அத்தையோடு கூடத்தில், அண்ணன் திண்ணையில் அயர்ந்து தூங்கினான் என்று.

அப்பாவுக்கு இப்போது 79. என்னோடுதான் இருக்கிறார். வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். அவருக்குத் தெரியாமல் இதை அனுப்புவது சரியில்லை என்று பட்டது. ஒரு சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு வாசித்துக் காட்டினேன். முடியும்வரை பேசவில்லை. காபி ஆறிப்போயிருந்தது.

"பச்சைப் புடவை இல்லம்மா" என்றார். "கத்திரிப்பூ கலர். தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது."

மாற்றிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு" என்றார்.

"திண்ணையில தூங்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்கே. நான் தூங்கலம்மா."

புடவையின் நிறத்தை அன்றே திருத்திவிட்டேன். கதை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.