முப்பது வீதம், எதிலிருந்து?

முந்தலில் லெகோ விக்கிற கடை இல்லை. ஏ3 வீதியால கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, புறக்கோட்டையில் இறங்கித் தேடினால் லெகோ மாதிரி ஒன்று கிடைக்கும். உண்மையான லெகோ வேண்டுமென்றால் கொழும்பில் ஒருசில பெரிய கடைகள், இல்லாவிட்டால் ஒன்லைன், அதுவும் இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர். இந்த மூன்று வழியிலும் ஒரு பொதுவான விசயம் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் ஒரு விலையை வெட்டி, பக்கத்தில் சிவப்பில் இன்னொரு விலை போட்டிருப்பான். 20 வீதம், 30 வீதம், 45 வீதம் கழிவு. விலைக்கழிவு இல்லாத லெகோவை நான் பார்த்தது குறைவு. அப்படியென்றால் அந்த வெட்டிய விலைக்கு யார்தான் வாங்கினார்கள்?

ஆறு வருசமாக நான் இந்தக் கட்டைகளைச் சேர்க்கிறேன். ட்யூஷன் வகுப்பு எடுத்து வருகிற காசில், வருசத்துக்கு ஒன்று, கூடினால் இரண்டு. வீட்டில் எனக்கு இதனால் கிடைத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரு நன்மை: குடும்பத்தில் யாராவது வெளிநாட்டில் பொம்மைக் கடைக்குள் போனால் வாட்ஸ்அப்பில் முதல் வருகிற படம் எனக்குத்தான். “இது நல்ல விலையா?”

பதில் சொல்ல முதல் லெகோவைப் பற்றிக் கொஞ்சம். 1932இல் டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஒரு தச்சர் தொடங்கிய மர விளையாட்டுச் சாமான் பட்டறை அது. டேனிஷ் மொழியில் ‘நல்லா விளையாடு’ என்கிற இரண்டு சொல்லைச் சுருக்கித்தான் அந்தப் பேர். இப்போது நாங்கள் பார்க்கிற, உள்ளே குழாய் வைத்த பிளாஸ்டிக் கட்டைக்கு 1958 ஜனவரி 28இல் காப்புரிமை கேட்டார்கள். அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையோடு பொருந்தும். பழசாகிப் போகாத சாமான் என்பதால்தான் இதற்கு இரண்டாம் கைச் சந்தை இருக்கிறது, சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், விலையைப் பற்றி இவ்வளவு சண்டையும் இருக்கிறது.

சேர்க்கிறவர்கள் வழமையாகப் பாவிக்கிற அளவுகோல் ஒன்று உண்டு. விலையைத் துண்டு எண்ணிக்கையால் பிரி. ஒரு துண்டு 10 அமெரிக்க சதத்துக்குக் கீழே வந்தால் நல்லது, மேலே போனால் யோசி. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் முந்தலில் வளர்ந்த ஒருவனுக்கு இது உடனே இடிக்கும். இங்கே இறால் பண்ணையில் யாரும் எத்தனை இறால் என்று எண்ணி விலை பேசுவதில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்றுதான் பேச்சு. கிலோவுக்கு 30 நிற்கிற இறாலும் 60 நிற்கிற இறாலும் ஒரே விலைக்குப் போகாது. எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் சின்னது.

லெகோவிலும் அதேதான். மூன்று பெட்டிகளைப் பாருங்கள். 2017இல் வந்த ‘பழைய மீன்பிடிக் கடை’, 2,049 துண்டு, 149.99 டொலர். துண்டுக்கு 7.3 சதம். 2022இல் வந்த வெளிச்சவீடு, 2,065 துண்டு, 299.99 டொலர். துண்டுக்கு 14.5 சதம். கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை, விலை இரட்டிப்பு. அதற்காக வெளிச்சவீடு கொள்ளை விலை என்று சொல்லலாமா? அதற்குள்ளே மோட்டர் இருக்கு, லைட் இருக்கு, உண்மையான வெளிச்சவீட்டில் இருக்கிற மாதிரி வில்லை இருக்கு, விளக்கு சுத்தும். மூன்றாவது, 2021இல் வந்த உலக வரைபடம். 11,695 துண்டு, 249.99 டொலர். துண்டுக்கு 2 சதம் சொச்சம். அளவுகோல்படி உலகத்திலேயே மலிவு. திறந்து பார்த்தால் முக்கால்வாசியும் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னச் சின்னப் பொட்டு. கூனி இறால் என்று வையுங்கள். கூனி ருசியில்லை என்று நான் சொல்லவில்லை. சம்பலுக்கு அதை அடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதை ‘எத்தனை துண்டு’ என்று எண்ணி வாங்க மாட்டோம்.

ஆகவே துண்டுக் கணக்கை நான் ஒரே வகைப் பெட்டிகளுக்குள் ஒப்பிட மட்டும் பாவிக்கிறேன். கப்பலோடு கப்பல், வீட்டோடு வீடு.

இதை விட முக்கியமான கேள்வி தலைப்பில் இருக்கிறது. கழிவு என்றால் எதிலிருந்து கழித்தது? ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2022 மே 28இலிருந்து, ஒரு கடை ‘விலை குறைத்திருக்கிறோம்’ என்று சொன்னால், அதற்கு முந்தின 30 நாளில் அந்தச் சாமானை அவர்கள் விற்ற ஆகக் குறைந்த விலை எதுவோ அதைத்தான் பழைய விலை என்று காட்ட வேண்டும். சனிக்கிழமை கூட்டி, ஞாயிற்றுக்கிழமை வெட்டி, திங்கட்கிழமை ‘மலிவு விற்பனை’ என்று போட முடியாது. எங்கள் நாட்டில் பெட்டியில் அச்சடித்த விலையைத் தாண்டி வித்தால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் சொல்லலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெட்டிக் காட்டுகிற விலை பொய் என்று யாரும் அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதனால் நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: ஸ்கிரீன்ஷொட். ஆசைப்படுகிற பெட்டியின் விலையை மாதத்துக்கு ஒரு தடவை படம் பிடித்துப் போனில் போட்டுவிடுவேன். 2023 செப்டம்பரில் ஒரு ஒன்லைன் கடையில் ஒரு கப்பல் 46,000 ரூபாவுக்கு இருந்தது. நவம்பர் விற்பனை வந்தது. 65,000 வெட்டப்பட்டு 45,500, 30 வீதக் கழிவு, இன்னும் நான்கு மணித்தியாலம் மட்டும் என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடைய படத்தின்படி கழிவு 500 ரூபா. ஒரு வீதம்.

அந்தக் கப்பல்தான் எங்கள் வீட்டில் பிரச்சினையைக் கொண்டுவந்தது.

கிரியேட்டர் 3இன்1 வரிசையில் 2020இல் வந்த கடற்கொள்ளையர் கப்பல். 1,264 துண்டு. கப்பலாகக் கட்டலாம், குலைத்து ஒரு தவறணையாகக் கட்டலாம், திரும்பக் குலைத்து மண்டையோட்டுத் தீவாகக் கட்டலாம். மருமகனுக்கு அப்போது ஒன்பது வயது. களப்புக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளை, வள்ளம் எதைக் கண்டாலும் நிற்பான். அத்தான் கட்டாரில். மகனுடைய இரண்டு பிறந்தநாள் தொடர்ந்து வீடியோ கோலில்தான் போனது. அந்த டிசம்பரில் தோஹாவில் ஒரு கடையில் அதே கப்பலைக் கண்டு எனக்கு வொய்ஸ் அனுப்பினார். “மச்சான், 499 ரியால் போட்டு வெட்டி 349 வச்சிருக்கான். முப்பது வீதம் குறைச்சிருக்கு. எடுக்கவா?”

அடுத்த நிமிசம் அக்காவும் அனுப்பினா. “தம்பி, நீ வேணாம் என்டு சொல்லு. நீ சொன்னாத்தான் அந்தாள் கேக்கும்.”

நான் கணக்குப் பார்த்தேன். 349 ரியால் என்பது அந்த நேரம் எங்கள் காசில் சுமார் 31,000. உள்ளூர் ஒன்லைன் விலையோடு பார்த்தால் 14,000க்கு மேல் மிச்சம். துண்டுக் கணக்கில் ஏழரைச் சதம் சொச்சம், கப்பலுக்கு நல்லது. சரி, 499 என்ற விலை எங்கிருந்து வந்தது? லெகோ அந்தப் பெட்டிக்கு அமெரிக்காவில் வைத்த விலை முதலில் 99.99 டொலர், பிறகு 119.99. ரியால் டொலரோடு 3.64இல் கட்டப்பட்டிருப்பதால் 119.99 என்பது 437 ரியால். அதிலிருந்து பார்த்தால் 30 வீதம் இல்லை, 20 வீதம். முதல் விலையான 99.99இலிருந்து பார்த்தால், 364 ரியால், கழிவு 4 வீதம். ஒரே பெட்டி, ஒரே 349. முப்பதும் சரி, இருபதும் சரி, நாலும் சரி.

ரூபாவில் பார்த்தால் இன்னும் குழப்பம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதம் 360 அளவு. அதாவது 50 டொலர் பெட்டி ஒன்று 10,000இலிருந்து 18,000க்கு ஏறியது, டென்மார்க்கில் யாரும் எதையும் கூட்டாமலே. அந்த நேரம் ஒருவன் 44 வீதம் குறைத்துக் கொடுத்தால்தான் நாங்கள் இரண்டு மாதத்துக்கு முந்தின முழு விலைக்கு வந்திருப்போம். அதே வருசம் ஓகஸ்டில் லெகோவும் தன் பங்குக்குப் பல பெட்டிகளின் விலையைக் கூட்டியது. 2024 ஜனவரியிலிருந்து எங்கள் வற் வரியும் 15இலிருந்து 18 வீதம். இதெல்லாம் தெரிந்த பிறகு ‘பழைய விலை’ என்ற சொல்லே எனக்குப் பகிடியாகப் படும்.

இந்தக் கணக்கையெல்லாம் அக்காவுக்கு அனுப்பினேன். அவ திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. “அது அவருக்கு எத்தன நாள் வேல?”

இந்த அளவுகோலை நான் எந்தச் சேகரிப்பாளரிடமும் கேட்டதில்லை. கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். தங்க இடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் அதற்கு மேலே 500உம் 300உம். அத்தானின் சம்பளத்தை எழுத மாட்டேன். ஆனால் அந்த 1,000ஐ மாதம் 26 நாளால் பிரித்தால் ஒரு நாள் 38 ரியால். 349 என்றால் ஒன்பது நாள். முழு விலை 499 என்றால் பதின்மூன்று நாள். தோஹா வெயிலில் ஒன்பது நாளா, பதின்மூன்று நாளா என்பதுதான் அந்த 30 வீதம்.

நான் அத்தானுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. எண்களை அப்படியே வொய்ஸில் சொன்னேன், அக்காவின் கேள்வியையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு, “ஒன்பது நாள் ஓவர்டைம் என்டா செய்யலாம் மச்சான். ரெண்டு பிறந்தநாளுக்கும் சேத்துத்தானே” என்றார். அக்கா மூன்று நாள் கதைக்கவில்லை, அவரோடும் என்னோடும்.

இதற்கிடையில் என்னுடைய நண்பன் ஒருவன் இன்னொரு யோசனை தந்தான். வாங்கித் திறக்காமல் வை, உற்பத்தி நின்றதும் விலை ஏறும், அப்போது வில். இது முழுப் பொய் இல்லை. மொஸ்கோவில் உள்ள உயர் பொருளாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள் 1987இலிருந்து 2015 வரையான இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைப் பார்த்து, உற்பத்தி நின்ற லெகோ சராசரியாக வருசத்துக்கு 11 வீதம் அளவில் ஏறியது என்று கண்டார்கள். ஆனால் சராசரிக்குள்ளே நட்டப்பட்டவையும் இருக்கின்றன. தாஜ்மகாலை எடுங்கள். 2008இல் 5,922 துண்டோடு 299.99 டொலருக்கு வந்தது. நிறுத்திய பிறகு ஆயிரக்கணக்கான டொலருக்குக் கைமாறியது. 2017இல் லெகோ அதையே இன்னொரு இலக்கம் போட்டு 369.99க்குத் திரும்ப இறக்கியது. அலுமாரிக்குள் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

அதோடு, திறக்காத பெட்டி என்றால் மூலை மடங்காத, ஈரம் படாத பெட்டி. களப்புக் காத்தில் எங்கள் வீட்டு அலுமாரியில் பாடசாலைச் சான்றிதழுக்கே பூஞ்சணம் பிடிக்கிறது. வாங்குகிறவன் இருப்பது ஜேர்மனியில், அனுப்புகிற செலவு என் தலையில். 2022 கடைசியில் எங்கள் திறைசேரி உண்டியலே 30 வீத வட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. காசு பெருக்குவதற்கு லெகோவிடம் போகத் தேவையில்லை.

பெட்டி கடைசியில் வரவே இல்லை. பொதிக்குள் இடம் போதவில்லை. ஏப்ரலில் அத்தான் வருகிறபோது அட்டைப்பெட்டியைத் தோஹாவிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த பைகளை மட்டும் பால்மாவுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு வந்திருந்தார். சேர்க்கிறவன் கண்ணுக்கு அந்த நிமிசமே பாதி விலை போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தான் நின்றது 28 நாள். கப்பலை முதல் மூன்று நாளில் கட்டி முடித்தார்கள். பிறகு குலைத்துத் தவறணை, பிறகு தீவு. பாய்மரத்தின் ஒரு துண்டு தொலைந்துபோய் வீடு முழுக்கத் தேடியது அக்காதான்.

இப்போது அக்கா ஒரு வொஷிங் மெஷின் பார்க்கிறா. சிலாபத்தில் ஒரு கடையில் 25 வீதக் கழிவாம். எனக்கு அவ அனுப்பியது ஒரு படம் இல்லை, நான்கு படம், நான்கு மாதத்தில் எடுத்தது. நாலாவதில்தான் விலை ஏறியிருந்தது.