சுற்றுக்கு ஒரு துடிப்பு

பழைய லேத் ஒன்றைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்ற முனைந்தபோது எங்களை நெடுநாள் அலைக்கழித்தது ஸ்பிண்டில் என்கோடர்தான். சுற்றுக்கு 1024 துடிப்புகள் போதுமா, 2500 வேண்டுமா? எண்ணிக்கை கூடினால் நுட்பமும் கூடும் என்றே முதலில் நம்பினோம்.

கணக்கு வேறாக இருந்தது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50. முதலாவது என்கோடர் நொடிக்கு 51,200 துடிப்புகளை அனுப்பும், இரண்டாவது 1,25,000. எங்கள் கட்டுப்பாட்டு அட்டையோ ஒரு லட்சத்துக்கு மேல் எண்ணாது. எண்ணப்படாத துடிப்பால் பயனில்லை என்பதோடு, அது பிழையாகவும் மாறும்.

அதைவிடப் பெரிய பாடத்தை மரை வெட்டும்போது கற்றோம். மரை ஒரே வெட்டில் உருவாவதில்லை. வெட்டுளி பலமுறை திரும்பி வந்து அதே பள்ளத்தில் இறங்கவேண்டும். எங்கே தொடங்கினோம் என்பதை நினைவூட்டுவது, சுற்றுக்கு ஒரே ஒரு முறை வரும் அடையாளத் துடிப்பு. விலை மலிவென்று அது இல்லாத என்கோடரை முதலில் வாங்கியிருந்தோம். இரண்டாம் வெட்டு, முதல் வெட்டின் முகட்டைச் சீவிவிட்டது.

பிறகு அடையாளத் துடிப்புள்ள 1024ஐயே தேர்ந்தோம். வழுக்கும் வி பெல்ட்டை விலக்கி, பல் கொண்ட டைமிங் பெல்ட்டால் ஸ்பிண்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் என்கோடரும் சரியாக ஒரு சுற்றுச் சுற்றுமாறு இணைத்தோம். அந்த விகிதம் பிசகினால் அடையாளமும் இடம் மாறிவிடும்.

இப்போது மரை பிசகுவதில்லை. ஆனாலும் கெட்டுப்போன அந்த முதல் தண்டை எறிய மனம் வரவில்லை. மேசைமேல் கிடக்கிறது, எந்த நட்டும் அதில் ஏறாது.